ஏரியும் இல்லை, கேமும் இல்லை

கேள்வி: செல்போன் கேம் 'லேக்' ஆகுதுங்கிறான் என் பேரன். பழைய ஆங்கில நாவலிலோ சிறைக்குப் போய்ப் போய் வருகிறவனை 'ஓல்டு லேக்' என்கிறார்கள். ரெண்டும் ஒண்ணா சார்? (வாசகர், தென்காசி)

பதில்: பேரனுடையது தாமதம், நாவலில் வருவது கப்பல் ஏறிய சமாசாரம். திருடர் பாஷையில் 'லேக்' என்றால் நாடு கடத்துவது. கடத்தப்பட்ட கைதிக்கும் அதே பெயர். 1788 முதல் 1868 வரை பிரிட்டிஷார் சுமார் 1,62,000 பேரை இப்படி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்.

அதில் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்று ஒரு ஜேப்படிக்காரர். 1812-ல் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில், கைதியாக இருந்துகொண்டே திருடர் பாஷைக்கு அகராதி எழுதினார். அதை அங்கிருந்த அதிகாரிக்கே சமர்ப்பணமும் செய்தார்! (மாமியார் வீட்டு மரியாதை தெரிந்தவர்.) அதில் 'லேக்' உண்டு: ஏழு வருஷமோ அதற்கு மேலோ நாடு கடத்துவது என்று பொருள். அனுபவஸ்தர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மனிதர் மூன்று முறை கப்பல் ஏற்றப்பட்டவர். முதல் தடவை தண்டனை முடிந்து ஊர் திரும்பினார், மறுபடி திருடினார், மறுபடி கப்பல். அடுத்த முறை தப்பி அயர்லாந்து போனார். அங்கே கள்ள நோட்டு, மறுபடி சிட்னி.

கப்பல் நின்ற பிறகும் சொல் நிற்கவில்லை. 'ஓல்டு' சேர்ந்துகொண்டு, ஜெயிலுக்கு நிரந்தர வாடிக்கையாளர் என்றாகிவிட்டது.

நம்மூர் 'கேடி'யும் இங்கிலீஷ் சரக்குதான். 'நோன் டெப்ரிடேட்டர்' (Known Depredator) என்று போலீஸ் ரிஜிஸ்டரில் எழுதியதன் முதலெழுத்துகள். இதையெல்லாம் பேரனிடம் சொல்லுங்கள், முடிப்பதற்குள் கேம் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.