நண்டு தின்னக் கையுறை

மோரிப் கடலை நீலம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பால் கொஞ்சம் கூடிப்போன தே தாரேக் நிறம்தான் அன்றும் இன்றும். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பான்காரன் சரணடைந்து முடிந்த பிறகு, பிரிட்டிஷ் படை இந்திய வீரர்களோடு இங்கேதான் கரையிறங்கியது. எதிர்க்க ஆளில்லை. இருந்தும் வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. மலாயாவை மீட்க வந்த ராணுவத்தையே இழுத்துப் பிடித்த சேறு, தோட்டத்துப் பிள்ளைகளின் ஜப்பான் சிலிப்பரை விட்டுவைக்குமா?

எங்கள் தோட்டம் பந்திங் பக்கம். எங்கள் என்றால் லயத்தில் ஒரு வீடு, அதுவும் வேலை இருக்கும்வரை. சீனப் பெருநாள் விடுமுறைக்குத் தோட்ட லோரியில் மோரிப் போவோம். முந்தின நாள்வரை உர மூட்டை ஏற்றிய லோரி. இறங்கும்போது எல்லார் பின்புறத்திலும் உரத் தூள். வாழையிலையில் புளிச்சோறு, அவித்த முட்டை. கடற்கரைக்குப் போய்க் காசு கொடுத்து மீன் தின்பது என்ற யோசனை ஒருவருக்கும் வந்ததில்லை. மீன் என்பது ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளில் வரும் சீனரிடம் கடனுக்கு வாங்குவது. பெரும்பாலும் கெம்போங்.

நண்டு அதற்கும் ஒரு படி கீழே. லங்காட் ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலில் பாக்காவ் காடு, அந்த வேர்ச்சேற்றில் நண்டு வளை. தோட்டத்துக்குள் கடல் தண்ணீர் ஏறாமலிருக்கக் கட்டிய மண்வரப்பைத் தாண்டினால் போதும். அப்பா கம்பியை வளைத்து வளைக்குள் விட்டு, அது கவ்வும்வரை மூச்சடக்கிக் காத்திருந்து, மெல்ல இழுப்பார். சம்பள வாரத்தில் கோழி. கையில் காசில்லாத வாரத்தில் நண்டு. கிராணி வீட்டுப் பிள்ளைகளிடம் முந்தைய நாள் நண்டுக்குழம்பு என்று சொல்லவே மாட்டோம். வாசனை காட்டிக் கொடுத்துவிடும் என்று அம்மா புளி போட்டு விரல் விரலாகத் தேய்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்.

அந்தப் புளித்தண்ணீர் இப்போது எலுமிச்சைத் துண்டு மிதக்கும் கண்ணாடிக் கிண்ணமாக மேசைக்கு வருகிறது.

பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் என் மகளின் ஏற்பாடு இது. பாகான் லாலாங் கடற்கரை, மர மேடை, மேசைக்கு வெள்ளைத் துணி, துணி பறக்காமலிருக்க ஓரத்தில் வெள்ளி நிறக் கவ்வி. வழியில் விமான நிலையம் வந்தது. 1998-இல் அது திறப்பதற்குமுன் அந்தப் பக்கமெல்லாம் தோட்டம்தான் என்று நான் ஆரம்பித்தேன். காடியில் யாரும் கேட்கவில்லை.

உணவுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது, நண்டைத் தவிர. அதற்கு நேரே ‘அன்றைய விலை’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். தங்கத்துக்குக்கூடக் கடை வாசலில் விலை எழுதி வைக்கிறார்கள். சமைக்கும் முன் உயிரோடு காட்டுவது அங்கே வழக்கமாம்; வங்காளதேசத்துப் பையன் ஒரு தட்டில் ஏந்தி வந்தான். வயது எண்பதைத் தாண்டிய அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இனி கெத்தாம் மானா பூஞ்ஞா?”

“லாவுட், மக்சிக்.”

“கடல்லேருந்து வரும்னு எனக்குத் தெரியாதா?” என்று தமிழில் சொல்லிவிட்டு, நண்டைத் திருப்பி வயிற்று ஓரத்தில் கட்டை விரலால் அமுக்கினார். ஓடு உள்ளே போனது. “சட்டை கழட்டுன நண்டு. உள்ள தண்ணிதான். வேற கொண்டாரச் சொல்லு.” இரண்டாவது நண்டு தேறியது. ஆனால் கொடுக்கைக் கட்டியிருந்த ராஃபியா கயிற்றை விரலில் சுண்டிப் பார்த்தார். அது நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தது. “இதோட சேத்தா நிறுத்துன?” பையனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிட்டது. சிரித்தபடி உள்ளே ஓடினான்.

வந்தது காம் ஹியோங் நண்டு. உலர்ந்த இறால், சில்லி பாடி, கறித்தூள், பொரித்த கறிவேப்பிலை எல்லாம் போட்டு இந்த நாட்டுச் சீனர்கள் கண்டுபிடித்த சமையல். அம்மா ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி வாயில் போட்டு, “நல்லாத்தான் இருக்கு. சீரகம் பத்தல” என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது.

கூடவே ஆளுக்கொரு ஏப்ரன், ஒரு சிறு சுத்தியல், பிளாஸ்டிக் கையுறை. கையால் சாப்பிடுவது நாகரிகமில்லை என்று கரண்டி பிடிக்கப் பழகிய தலைமுறை நான். இங்கே கையால் சாப்பிடுவதுதான் அனுபவம் என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் கையுறையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் பங்குக்கு வந்ததைத் தள்ளிவைத்தார். “ஏன், எனக்குக் கையில புண்ணா?”

“இதெல்லாம் அப்ப சும்மாவே கிடைச்சுதா பாட்டி?” என்று கேட்டாள் மகள்.

“நண்டு கிடைச்சுச்சு. சோறுதான் கிடைக்கல.”

பில் வந்தது. நண்டு மட்டும் கிலோ நூறு வெள்ளிக்கு மேல். அதன்மீது சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சேவை வரி 6 விழுக்காடு. மகள் வாசித்துக் காட்டினாள். அம்மா வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அரசாங்கம் அப்படித்தான். சேவைக் கட்டணத்தில்தான் நின்றுவிட்டார். “ஒடைச்சதும் நானு, உரிச்சதும் நானு. அவங்க என்னா சேவை செஞ்சாங்க?”

பேச்சை மாற்ற மகள் கைப்பேசியை நீட்டினாள். அடுத்த விடுமுறைக்கு அவள் பார்த்து வைத்திருக்கும் இடம்: அதே கடற்கரையில், செப்பாங் கோல்ட்கோஸ்ட்டில், கடலுக்குள் கால் ஊன்றிய வீடுகள். மேலிருந்து பார்த்தால் மொத்தமும் ஒரு பனைமரம் போலத் தெரியும். ஓலைக்கு ஓலை வரிசையாக அறைகள். வெளிக்காட்டு வேலையிலும் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குவதிலும் ஆயுளைக் கழித்தவர் படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

“இதுல படுக்கக் காசா?”

“ஆமா பாட்டி. ஒரு ராத்திரிக்கு.”

“பாம்பு இருக்கான்னு கேட்டுட்டுக் கட்டு.”