கண்டன அண்ணை

கண்டன அண்ணை என்பவர் லண்டன் தமிழரிடையே பரவலாகக் காணப்படும் ஓர் ஆண் வகை. பிரபலம் ஒருவர் தொலைக்காட்சியில் நிறவெறியோடு வாய்விட்டால், அடுத்த அரை மணி நேரத்துக்குள் கொதித்தெழுவது இவரது முதன்மை அடையாளம். பூர்வீகம் யாழ்ப்பாணம், வந்து சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி மரக்கறிக் கடை வாசல்களில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் தொலைபேசி அட்டை விளம்பரத்துக்கும் நடுவே தென்படுவார். சாதாரண நாட்களில் பரம சாது. பெட்ரோல் நிலையத்து இரவு வேலையில் குடிகாரர்கள் சொல்லிவிட்டுப் போன எதற்கும் அவர் பதில் சொன்னதில்லை. சொல்லாத பதில்களெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்து, யாரோ ஒரு பிரபலம் வாயைத் திறந்ததும் வட்டியோடு வெளியே வரும்.

இந்த வகையை முழு வளர்ச்சியில் காண உகந்த காலம் 2007 ஜனவரி. லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்து வீட்டில் சேனல் 4 பிரபலங்களை அடைத்து வைத்து ‘செலிப்ரிட்டி பிக் பிரதர்’ நடத்திக்கொண்டிருந்தது. உள்ளே இந்தி நடிகை ஷில்பா ஷெட்டி. தென் லண்டன் பெர்மண்ட்சியின் ஜேட் குடி. பல் மருத்துவமனை உதவியாளராக இருந்து, 2002இல் அதே நிகழ்ச்சியின் சாதாரணர் பதிப்பில் பேர் வாங்கியவர் ஜேட். சமையலுக்கான ஆக்ஸோ கட்டியில் தொடங்கிய சண்டை முற்றியது. கடைசியில் ஷில்பாவின் பெயருக்குப் பின்னால் ‘பாப்படம்’ ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு நடந்தவை நாடறிந்தவை. ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமுக்கு 44,500 புகார்கள் குவிந்தன. நாடாளுமன்றத்தில் பிரதமர் டோனி பிளேயரிடம் கேள்வி எழுந்தது. நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் அப்போது பார்த்து இந்தியப் பயணத்தில் இருந்தார். அங்கே பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். கார்ஃபோன் வேர்ஹவுஸ் விளம்பர ஆதரவை நிறுத்தியது. 2002இல் ஜேடைப் பன்றி என்று எழுதி விற்ற பத்திரிகைகளும் நாகரிகம் பற்றித் தலையங்கம் தீட்டின.

இந்தப் புகார்களில் ஒன்று தன்னுடையது என்பார் அண்ணை. எழுதியது மகள்.

கண்டனத்தின் முதற்படி உரிமை கோரல். அதுவரை ஷில்பாவை அண்ணை ‘இந்தியாக்காரி’ என்ற பொதுக் கணக்கில்தான் வைத்திருந்தார். அன்று கடையில் பேச்சு மாறியது.

“பார்த்தனியே தம்பி, எங்கடை பிள்ளையை அப்பளம் எண்டு சொல்லுறாள்!”

“ஷில்பா எங்கடை பிள்ளையோ அண்ணை?” கடைக்காரர் பாகற்காயை நிறுத்தபடி கேட்டார்.

“பின்னை? ‘மிஸ்டர் ரோமியோ’விலை பிரபுதேவாவோடை நடிச்சவள் எல்லே!”

1996இல் வந்த ஒரு படம் மங்களூர்ப் பெண்ணைத் தமிழச்சியாக்கப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் படி காரணம் காணல். “பெர்மண்ட்சிச் சனம் உப்பிடித்தான். படிப்பில்லை, பழக்கவழக்கமில்லை. பிறப்பு அப்பிடி.” ஒரு கூட்டத்தையே பிறப்பைச் சொல்லி ஒதுக்குவதைக் கண்டிக்கும்போது வேறொரு கூட்டத்தைப் பிறப்பைச் சொல்லி ஒதுக்கிவிடுவது இந்த வகையின் தனித்திறமை. இதில் அவர் தனியாளும் அல்ல. படித்த வெள்ளையர் பலரும் அந்த வாரம் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒரு கறுப்பின இளைஞன் கடைக்குள் நுழைந்தான். அண்ணை குரலைத் தாழ்த்தி “கறுவல் வாறான்” என்றார். பணப்பையைப் பின்பையிலிருந்து முன்பைக்கு மாற்றினார். பையன் வாழைக்காய் வாங்கி, கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். நிறவெறி பற்றிய உரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஜேடின் தந்தை வழியில் கறுப்பினக் கலப்பு உண்டு என்று மகள் சொன்னபோது, அண்ணை யோசிக்கவே இல்லை. “அதுதானே பார்த்தன்!” என்று தலையாட்டினார். அதே வாரம் தம்பி மகனுக்கு அவர் கொடுத்த மணமகள் தேவை விளம்பரத்தில் ‘நல்ல நிறமான’ என்ற சொற்கள் வழக்கம்போல் முதல் வரியில் இருந்தன.

ஜனவரி 19 அன்று, வாசலில் கூட்டமே இல்லாமல், 82 விழுக்காட்டு வாக்குகளோடு ஜேட் வெளியேற்றப்பட்டார். ஜனவரி 28இல் ஷில்பா வென்றார். ஜேடை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். அண்ணை மன்னிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டால் அவர் சார்பில் கொதிக்கும் உரிமை காலாவதியாகும் என்ற விதி இந்த வகைக்குப் பொருந்தாது.

கண்டனம் இரக்கமாக மாறுவது கடைசிப் படி. 2008 ஆகஸ்டில் ஷில்பா தொகுத்து வழங்கிய இந்திய ‘பிக் பாஸ்’ வீட்டில் இருந்தபோது ஜேடுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் தெரியவந்தது. 2009 மார்ச் 22 அன்று 27 வயதில் இறந்தார். அவரைப் பார்த்துப் பரிசோதனைக்குப் போன பெண்களின் எண்ணிக்கை இங்கிலாந்தில் சில லட்சம் கூடியது; அண்ணையின் மனைவியும் அவர்களில் ஒருவர். “இரண்டு சின்னப் பொடியளை விட்டிட்டுப் போட்டாள், பாவம்” என்றார் அண்ணை. ஆனால் அது இலங்கைப் போரில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் பெர்மண்ட்சிச் சவ ஊர்வலம்தான் வந்தது. ஏப்ரல் 4 ஊர்வலம் முடிந்து இரண்டு நாளில் அவர் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் நின்றார். அந்தக் கண்டனத்தில் நகைப்புக்கு இடமில்லை. அதை ஒளிபரப்ப அலைவரிசைகளும் அவ்வளவு அவசரப்படவில்லை.

பிற்காலத்தில் இந்த வகை வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்தது. 44,500 என்ற எண்ணிக்கை 2021 மார்ச்சில் முறியடிக்கப்பட்டது. தனக்கு நேர்ந்ததாக மேகன் மார்க்கல் சொன்னவற்றை நம்பவில்லை என்று பியர்ஸ் மோர்கன் காலை நிகழ்ச்சியில் பேசியதற்கு 57,000க்கு மேற்பட்ட புகார்கள் போயின. அதிலும் ஒன்று அண்ணை வீட்டிலிருந்து போனதுதான். மகள் தன் பெயரிலேயே அனுப்பியிருந்தாள். அண்ணை அந்த முறை கொதிக்கவில்லை. “ராசகுடும்பத்துக்கு வாழப் போனவள் கொஞ்சம் அடங்கி இருக்க வேண்டாமே?” என்று குடும்பக் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார்.