விற்பதற்கென்று ஒரு குளியலறை

அமெரிக்காவில் வீட்டை விற்றுத் தருவது சமையலறையும் குளியலறையும்தானாம். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் சொன்னான். பெரியப்பாவின் நங்கநல்லூர் பிளாட்டை விற்பதென்று குடும்பத்தில் முடிவாகியிருந்த சமயம். "பாத்ரூமைப் புதுசாக்கிட்டா அஞ்சு லட்சம் கூடப் போகும்டா" என்றான். எந்த வேலைக்குச் செலவழித்தால் விற்கும்போது எவ்வளவு திரும்பும் என்று அங்கே ஆண்டுதோறும் கணக்குப் போடுகிறார்கள். குளியலறையில் போட்ட பணம் முழுசாகத் திரும்பி வருவது அதிலேயே அபூர்வம். ஆனால் பணம் அனுப்புகிறவன் அண்ணன். நான் வெறும் மேற்பார்வை.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் மேலயே டைல்ஸ் ஒட்டிடலாமா, தரையை உடைக்கணுமா?" என்று கேட்டார். "விக்கப்போற வீட்டை எதுக்கு உடைக்கணும்?" என்றார் பெரியப்பா. உடைத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது கீழ்வீட்டு அம்மா. அவர் வீட்டுக் குளியலறைக் கூரையில் எங்கள் தண்ணீர் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பக்கெட்டுக்கு நிரந்தர இடமே உண்டு.

சென்னையின் பழைய பிளாட்டுகளில் குளியலறைத் தளத்தை முக்கால் அடி, ஒரு அடி பள்ளமாக இறக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் குழாய்களைப் பதித்து, மேலே எதையாவது கொட்டி மூடிவிடுவார்கள். அந்த 'எதையாவது' என்னவென்பது கட்டினவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். எங்கள் பள்ளத்தில் செங்கல் துண்டும், கிழிந்த சிமெண்ட் சாக்கும், வலது கால் ஹவாய்ச் செருப்பு ஒன்றும் கிடைத்தன. இடது கால் எந்த வீட்டுத் தரைக்கடியில் இருக்கிறதோ!

குப்பையை அள்ளி, குழாயை மாற்றி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய பிறகு சோதனை. வடிகால் ஓட்டையை அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடவேண்டும். கீழ்வீட்டு அம்மா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது போன் வரும்: "இன்னும் ஒண்ணும் வரலை." ஒவ்வொரு முறையும் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

டைல்ஸ் கடைக்குப் போனால் எல்லாம் குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த சரக்கு. கீழே டார்க், மேலே லைட், நடுவில் ஒரு ஹைலைட்டர் என்று கடைக்காரர் சாஸ்திரம் சொன்னார். அண்ணன் வீடியோ காலில் கறுப்பைத் தேர்ந்தெடுத்தான். நங்கநல்லூர் போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியக் கறுப்பைவிடத் தோதான நிறம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். மேற்பார்வைக்குக் குரல் ஏது?

இந்தியன் கிளாசெட்டா, வெஸ்டர்னா என்பதில் பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை. வாங்க வருகிறவர்கள் வெஸ்டர்ன்தான் கேட்பார்கள் என்றார் புரோக்கர். "அப்போ அவங்களே வந்து போகட்டும்" என்றார் பெரியப்பா.

டைல்ஸ் போட்ட தம்பி ஸ்பேசர் வைத்து, நூல் பிடித்தமாதிரி கோடு போட்டிருந்தான். பார்க்க அத்தனை அழகு. கொத்தனார் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினார். அது வடிகாலைச் சட்டைசெய்யாமல் கதவை நோக்கி நடந்தது. "ஹாலுக்குப் போவுதே, டி.வி. பாக்கவா?" என்று கேட்டுவிட்டு இரண்டு வரிசையைப் பெயர்த்தார். அடிக்கு அரைக்கால் அங்குலமாவது வாட்டம் வேண்டுமாம். மறுபடி குவளை, மறுபடி தண்ணீர். அது தயங்கித் திரும்பி வடிகாலுக்குள் இறங்கியதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிறகு வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி, "யூ.டி.எஸ். எவ்வளவு?" அதாவது பிளாட்டுக்குச் சேரவேண்டிய நிலப்பங்கு. பழைய பிளாட்டில் விலை அதற்குத்தான். கட்டடத்துக்கு வயசாக ஆக மதிப்புக் குறையும். அடுத்து கார் பார்க்கிங், மெட்ரோ வாட்டர், வில்லங்கச் சான்றிதழ். ஒருவர் செல்போன் திசைகாட்டியோடு குளியலறைக்குள் போய், "வடமேற்கு, பரவாயில்லை" என்று வெளியே வந்தார். ஒரு பெண்மணி டைல்ஸைத் தடவிப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். "நல்லா இருக்கு. கறுப்பு எங்களுக்கு ஆகாது, மாத்திக்குவோம்." வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் புதுக் குழாயில் கை கழுவிக்கொண்டார், அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறவரிடம் ஹைலைட்டருக்குத் தனியாகக் கேட்க யாருக்கு வாய் வரும்?

கடைசியில் வாங்கியவர் எங்கள் குளியலறையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நேரே கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. "நானே காவல் இருந்து பார்த்தேன்" என்று சான்றும் கொடுத்தார் அந்த அம்மா. ஒழுகலைக் காட்டி விலையைக் குறைக்க வந்த மனிதருக்குப் பேச ஒன்றும் இல்லை. கேட்ட விலைக்கே முடிந்தது. அண்ணன் சொன்ன ஐந்து லட்சம் கூடவில்லை. குறைய வேண்டியது குறையவில்லை. கறுப்பு டைல்ஸால்தான் விற்றது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விற்பதற்காகக் குளியலறையில் கை வைக்கிறவர்கள் பணத்தைத் தரைக்கு அடியில் போடுங்கள். மேலே வெள்ளை டைல்ஸ் போதும். பில்லையும் கேட்டு வாங்குங்கள். விற்ற லாபத்துக்கு வரி போடும்போது, வீட்டை மேம்படுத்திய செலவைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் பில்லைக் கொத்தனார் டைல்ஸ் பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையிலேயே கொடுத்துவிட்டார்.