ஓரில்லத்து நாய்களின் ஸந்தி விக்ரஹ விசாரம்

அண்டை நாட்டு அரசர் இருவர் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் காலம் தள்ளும் உபாயங்களை ஆராய்ந்து கௌடில்யர் அர்த்தசாஸ்திரம் என்ற பெரியதொரு நூல் செய்திருக்க, ஒரே முற்றத்தில் படுத்து ஒரே எஜமானனின் சோற்றை உண்ணும் நாய் இரண்டு அவ்வண்ணம் வாழும் வழியைக் குறித்து நம் சாஸ்திரகாரர்களில் எவரும் ஓர் அத்தியாயமேனும் எழுதிவைக்காமற் போனது பெருங்குறையே. இக்குறையைத் தீர்க்கும் பாத்தியதை தஞ்சைச் சீமைக்கு உண்டு. மறைந்துபோயிற்று என்று கருதப்பட்ட அர்த்தசாஸ்திரத்தின் ஏட்டுச்சுவடியை மைசூர் சுவடி நூலகத்தில் சேர்ப்பித்தவர் தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர். அதை 1909-இல் ஷாம சாஸ்திரிகள் அச்சேற்றினார். அப்பண்டிதர் வீட்டில் எத்தனை நாய்கள் இருந்தன என்பதை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

ஆராய்ச்சிக் களமாகத் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டது நாம் இங்கே வசிப்பதனால் மட்டுமன்று. 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்குக் கடலோரத்தில் கோட்டை கட்ட இடமும் வாணிப உரிமையும் தந்து, ஆண்டுதோறும் குத்தகைப் பணம் பெற்றுக்கொள்ள உடன்பட்டார்; எல்லை தெரிந்திருந்தபடியால், நடுநடுவே உறுமல்கள் எழுந்தாலும் அவர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுப் போகும்வரை அந்த ஏற்பாடு தாங்கிற்று. ஆனால் 1706-இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரியார் சீகன்பால்குக்கும், டேனிஷ் வாணிபக் கம்பெனியின் கவர்னருக்கும் இடையே, யாருடைய அதிகாரம் எந்த வாசற்படியோடு முடிகிறது என்பது தீராமையால், 1708-இல் பாதிரியார் நான்கு மாதம் காவலில் கிடக்க நேர்ந்தது. இருவருக்கும் படியளந்த தேசம் ஒன்றே என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்.

இனிப் பூர்வபக்ஷம். ‘நாய் என்பது ஓநாயின் வம்சம், ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் ஒருவன் உண்டு, ஏனையவை அவனுக்கு அடங்கும், ஆகவே வீட்டு நாய்களுள் தலைவனைக் கண்டு அவனுக்கு முதற்சோறு வைத்துவிட்டால் கலகம் ஒழியும்’ என்பர் ஒரு சாரார். இம்மதத்தின் மூலபுருஷர் ஷெங்கல் என்பார், பாசல் நகர மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியவர். 1970-இல் தம் நூலின் வாயிலாக அதைப் பரப்பிய டேவிட் மெக் என்ற அமெரிக்கரோ, பிற்பாடு வடதுருவப் பக்கத்துத் தீவொன்றில் கோடைதோறும் ஓநாய்களைப் பின்தொடர்ந்து, காட்டு ஓநாய்க் கூட்டமாவது தாய், தந்தை, பிள்ளைகள் என்னும் குடும்பமே என்று 1999-இல் எழுதினார். அந்நியர் பலரை ஒரே கூண்டில் அடைத்து, அங்கே நடந்த அடிதடியைக் குலதர்மமாகக் கொண்டாயிற்று. ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியைப் பார்த்துத் தமிழர் இல்லறத்தை வர்ணித்தாற்போல.

ஸித்தாந்தம் யாதெனின், நாய்களின் கலகம் சிம்மாசனத்துக்காக அன்று, தட்டுக்காகவும் வாசற்படிக்காகவும் எஜமானன் மடிக்காகவும் என்பதே. நம் இல்லத்து மணியும் ஜிம்மியும் திறந்த முற்றத்தில் பரமஸாதுக்கள். திண்ணைக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள குறுகிய ரேழியில், யாரோ வந்திருக்கும் உற்சாகத்தில், இருவரும் ஒரே கணத்தில் நுழைந்தால்தான் உடல் விறைக்கும், பார்வை அசையாமல் நிற்கும், பிடரி மயிர் எழும். அப்பொழுது வால் ஆடுகிறதே என்று மகிழ்பவர் சாஸ்திரம் படிக்காதவர். உறுமலை அதட்டி அடக்குவதும் மகா பாதகம்; அறிவிப்பு நின்றுவிடுமே ஒழியக் கோபம் நிற்காது, அடுத்த முறை நேரே பல்தான்.

ஆகவே கௌடில்யர் வகுத்த ஆறு குணங்களுள் ஸந்தி என்னும் சமாதானம் இருவேறு தட்டு, இருவேறு அறை, நடுவே சாத்திய கதவு, உண்டு முடித்ததும் எடுத்துக் கழுவிவிட்ட பாத்திரம். ஆஸனம், அதாவது இருந்த இடத்தில் இருத்தல், ஆளுக்கொரு சாக்கு. ஸம்ச்ரயம் என்னும் அடைக்கலம் கட்டிலடியாகும், அங்கே புகுந்தவனைத் துரத்தலாகாது. யானம் என்னும் புறப்பாடோ சற்று விரித்துரைக்கத் தக்கது. புதிய நாயை முதன்முதலாக வீட்டுக்குள் அழைத்து வருதல் மூடத்தனம். எவருக்கும் சொந்தமில்லாத கடற்கரையில், கோட்டைக்குப் பின்புற மணலில், இரண்டு பேர் இரண்டையும் கயிற்றில் பிடித்து, சற்றே விலகி ஒரே திக்கில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் நிறுத்தி முகமன் கூறச் சொல்லுதல் மனிதருக்கே உரிய துர்ப்பழக்கம். நாலைந்து நடைகளுக்குப் பின் சேர்ந்தே வீடு திரும்பலாம். விக்ரஹம் என்னும் சண்டை மூண்டுவிட்டாலோ நடுவே கை விடலாகாது. கிணற்றடி வாளித் தண்ணீரும், இடையே செருகப் பலகை ஒன்றும் வேண்டும். கையை விட்டுக் கடிபட்டவர், வளர்த்த நாய்தானே என்று எண்ணாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகக் கடவர்.

எஞ்சியது த்வைதீபாவம் என்னும் இரட்டை வேடம். கொல்லையில் மணியிடமும் திண்ணையில் ஜிம்மியிடமும், மற்றதன் செவிக்கு எட்டாமல், ‘நீதான்டா என் ராஜா’ என்று தனித்தனியே ஓதுதல் இதன் இலக்கணம். இதை அதர்மம் என்று நம் இல்லாள் கருதுகிறாள். நாய்கள் கருதுவதாகத் தெரியவில்லை.

மீன்கார அம்மாள் வாசலில் கூடையை இறக்கி, “ஐயா, நாயப் புடிச்சுக் கட்டுங்க, மத்தி கொண்டாந்திருக்கேன்” என்று குரல் கொடுக்கும் முகூர்த்தத்தில் மட்டும் ஆறு குணங்களும் ஒருங்கே தோற்றுப்போகின்றன. அவ்வேளைக்கென்று கொல்லைக் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம்.