பழி சுமக்கும் கொசு

ஆப்பிரிக்கக் கொசுவுக்கு இருக்கும் பெருந்தன்மை வேறு யாருக்கும் வராது. உண்ணி கடித்தாலும் சரி, எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கினாலும் சரி, கிராமத்தில் ஒரு உடம்பு கொதித்தால் பழியை அதுதான் ஏற்றுக்கொள்கிறது.

தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் இருக்கிறது மோஷி. 2007-08இல் அங்கே இரண்டு மருத்துவமனைகளில் காய்ச்சலோடு சேர்ந்த 870 பேரை ஆராய்ந்தார்கள். 528 பேருக்கு மலேரியா என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் மலேரியாவால் காய்ச்சல் கண்டவர்கள் 14 பேர். மற்றவர்களில் பலரைப் படுக்க வைத்தவை லெப்டோஸ்பைரா, புருசெல்லா, ரிக்கெட்சியா, ஆட்டுக்கொட்டில் தூசியோடு மூக்கில் ஏறும் கியூ காய்ச்சல் கிருமி. எல்லாம் பாக்டீரியா. பாவம், சிபாரிசுக்கு ஆள் இல்லாத பாக்டீரியா! மலேரியாவுக்கு ஜெனீவாவில் நிதியம் உண்டு, ஏப்ரல் 25இல் உலக தினம் உண்டு. ஆட்டுக்கொட்டில் கிருமிக்காக எந்த நட்சத்திர ஓட்டலில் மாநாடு கூட்டுவார்கள்?

செனகலின் தியெல்மோ கிராமத்துக்குப் போவோம். மண் தரை, சுவரோரம் எலி வளை. ராத்திரி வளையிலிருந்து வரும் உண்ணி, தூங்குகிறவரை வலிக்காமல் கடித்துவிட்டு வந்த வழியே போய்விடும். காய்ச்சல் அடிக்கும், விடும், சில நாள் கழித்து மறுபடி அடிக்கும். பொரேலியா என்ற பாக்டீரியாவின் வேலை. 1990 முதல் 2003 வரை கணக்கெடுத்ததில், ஆண்டுக்கு 100 பேருக்குச் சராசரி 11 முறை. ஆராய்ச்சியாளர்கள் குடியேறிய ஊர் என்பதால் கணக்கு கிடைத்தது. பக்கத்து ஊர்களில் அது 'திரும்ப வந்த மலேரியா'.

மருந்தே இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இருக்கிறதே! டாக்சிசைக்ளின், 1960களின் மலிவு மாத்திரை. மேலே சொன்ன கிருமிகளில் பெரும்பாலானவை இதற்குக் கேட்கும். ஆனால் இன்ன கிருமி என்று தெரிந்தால்தானே கொடுப்பதற்கு?

கிராமத்துச் சுகாதார ஊழியரிடம் ஒரு பரிசோதனை அட்டை இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். கால் மணி நேரம். ஒரே கோடு தெரிந்தால் மலேரியா இல்லை. அப்படியானால் என்ன? அதைச் சொல்ல அடுத்த அட்டை இல்லை. அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை; இருக்கிற ஒற்றைக் கேள்வியைத்தான் அவர் கேட்க முடியும். எந்தக் கேள்விக்குக் காசு, எதற்கு இல்லை என்று முடிவு செய்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும், ரத்தம் நான்கு குழாய்களில் ஆய்வகத்துக்குப் போகும்.

ஒரே கோடு தெரிந்தும் கையில் கொடுத்த மலேரியா மாத்திரையோடு, தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். பிழைத்தால் மாத்திரைக்குப் பெருமை. செத்தால் பதிவேட்டில் மலேரியா. கொசு மறுப்பறிக்கை விடுவதில்லை.