காலம் போதாதவர்

இரவு பதினொன்றே முக்காலுக்குப் போன். "தம்பி, காலம் பத்தலைப்பா" என்றார். குரல் கரகரத்திருந்தது. வங்கியில் ஓய்வு பெற்ற மனிதர், சர்க்கரை வேறு உண்டு. நான் சட்டையைத் தேடிக்கொண்டே, "சார், பதறாதீங்க. பக்கத்துல யாரு இருக்கா?" என்றேன்.

"அட, அதில்லப்பா. உன் சைட்ல பவுலிங் டேபிள்ல ஒரு காலம் குறையுது."

ஐபிஎல் வந்தால் எங்கள் குடியிருப்பில் முப்பத்து நான்கு பேர் ஃபேன்டசி ஆடுகிறோம். ஆளுக்குப் பதினொரு வீரர்கள். கேப்டன் ஆக்கியவருக்கு இரட்டைப் புள்ளி. பந்தயம் பஜ்ஜியும் காபியும்தான். அதனால் 2025 ஆகஸ்டில் காசு வைத்தாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டபோது பஜ்ஜிக்கு ஆபத்து வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் ஒரு சின்னப் புள்ளிவிவரத் தளம் செய்து கொடுத்தேன். பெயர், அணி, ஆட்டம், ரன், விக்கெட், புள்ளி என்று ஆறே காலம். சாரின் கண் அதில் பட்டது. இன்று நாற்பத்து மூன்று. போனில் திறந்தால் பெயர் அம்பத்தூரில் இருக்கும், புள்ளி தாம்பரத்தில் இருக்கும்.

இவரை உங்களுக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் ரசம் குடித்துவிட்டுச் சமையல்காரரைக் கூப்பிட்டனுப்புவாரே, கும்பாபிஷேகப் பத்திரிகையில் ஒற்று மிகும் இடத்தைச் சிவப்பு மையால் சுழித்து அர்ச்சகரிடமே கொடுப்பாரே, அவர்தான். எங்கள் சாரிடம் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. இடது பக்கம் தேதி, வலது பக்கம் எனக்கான உத்தரவு. நிறைவேறியதற்குப் பச்சை டிக். பாதி நாள் பச்சைப் பேனாவுக்கு வேலையே இருக்காது.

1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் பேஸ்பாலை வைத்து இப்படி ஒரு ஆட்டத்தைத் தொடங்கியபோது கம்ப்யூட்டர் கிடையாது. நாளிதழில் வரும் ஸ்கோரைப் பார்த்துக் கையால்தான் கூட்டினார்கள். சார் அங்கே பிறந்திருக்க வேண்டியவர். எனக்கும் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. ஒவ்வொரு காலமும் அவர் தோற்ற ஒரு ராத்திரியின் நடுகல். ஒருநாள் இரண்டு ஸ்பின்னர்களை நம்பி இறங்கினார். இரண்டாவது இன்னிங்ஸில் பனி கொட்டி, பந்து சோப்பாக வழுக்கி, இருவரையும் துவைத்துவிட்டார்கள். மறுநாள் காலை பனிக்கு ஒரு காலம் கேட்டார். அக்னி நட்சத்திரத்தில் நான் பனிக்காலம் போட்டேன். 2025இல் ராத்திரி ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில் பத்து ஓவர் முடிந்ததும் பந்தை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. உடனே பனிக்காலத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்துக் கொடுத்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சை டிக் விழுந்தது.

ஒரே ஒரு முறை அவர் சொன்னது அசல் யோசனை. "சராசரி பொய் சொல்லுது தம்பி. ஒருத்தன் 0, 4, 6, 8, 112னு எடுக்கிறான். சராசரி 26. ஆனா ஒரு நாளாவது 26 எடுத்தானா? வரிசையில நடுவுல நிக்கிற 6தான் அவன் யோக்கியதை. அதைக் காட்டு." மனசாரக் கும்பிட்டுவிட்டு, அன்று ராத்திரியே சராசரிக்குப் பக்கத்தில் நடு எண்ணையும் போட்டேன். காலையில் மறுபடி போன். "எல்லாருக்கும் இருக்கட்டும். தோனிக்கு மட்டும் எடுத்துடு."

அதுதான் விஷயம். நாற்பத்து மூன்று காலத்தையும் மேய்ந்துவிட்டு, கடைசியில் கேப்டன் என்று தோனியைப் போடுவார்.

2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூரு 196. நம் விக்கெட்டுகள் மளமளவென்று சரிகின்றன, தோனி வரவில்லை. அஸ்வின்கூட இறங்கிவிட்டார். தோனி ஒன்பதாவது ஆளாக வந்து 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30 அடித்தார். ஆட்டம் 50 ரன்னில் போயிருந்தது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு அதுதான் முதல் வெற்றி. எங்கள் பிளாக்கே சாவு வீடு மாதிரி கிடக்க, சார் மட்டும் படியேறி வந்தார். கையில் நோட்டு.

"எத்தனாவதா இறங்குவாங்கன்னு ஒரு காலம் வேணும்."

"சார், கேப்டனை மாத்திப் பார்க்கலாமே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது வேற டிபார்ட்மென்ட்."

அந்த வாரம் லிப்டில் அவர் வீட்டம்மாவைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. "ஏம்ப்பா, அந்த டேபிளைத் தள்ளித் தள்ளி விரல் வலிக்குது. யாரு முதல்ல இறங்கறா, யாரு நாலு ஓவரும் போடறா, ரெண்டை மட்டும் மேல வைக்கக் கூடாதா? நிறைய பந்து ஆடறவனுக்குத்தானே ரன்னு வரும்? கடைசி ஓவர் போடறவனுக்குத்தானே கண்ணை மூடிக்கிட்டுச் சுத்தி விக்கெட்டைக் கொடுப்பாங்க?"

ஒரு மணி நேர வேலை. மேலே 'சுருக்கம்' என்று ஒரு பொத்தான். தொட்டால் அந்த இரண்டு மட்டும். முப்பத்து மூன்று பேர் அதையே தொட ஆரம்பித்தார்கள். சார் ஒரு தரம் தொட்டுவிட்டு, "ரொம்ப எளிமையா இருக்கு" என்று நோட்டில் குறையாக எழுதிக்கொண்டார்.

சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா முதலிடம். சார் முப்பத்து ஒன்று. டாஸுக்குப் பத்து நிமிடம் முன்னால் போன் வந்தது. இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"தம்பி, காலம் எதுவும் வேண்டாம். என் டீமுக்கு ஒரு பூட்டு மட்டும் போட்டுடு. வீட்டுக்குள்ளயே காப்பி அடிக்கிறாங்க."