பாலிஹவுஸ் வாழ்க, பாலித்தீன் வீடும் வாழ்க

வெள்ளரிக்கு ஷாக் அடிக்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் கொல்லைப்புறத்தில் பசுமைக்குடில் போடுகிற கனவான்கள் இந்த விஷயத்தில் காட்டும் அக்கறையைப் பார்த்தால் கண் கலங்கிவிடும்.

முறைப்படி செய்தால் வேலை இப்படி நடக்கும். வீட்டு மெயின் போர்டில் குடிலுக்கென்று தனி பிரேக்கர். அங்கிருந்து சாதா வயர் போகாது, இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள்தான் போகும். இரண்டரை அடிப் பள்ளம் வெட்டி, மணல் பரப்பி, கேபிளைப் படுக்கவைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடுவார்கள். நாளைக்கு எவனாவது மண்வெட்டியை ஓங்கினால் முதலில் செங்கல் தட்டுப்பட வேண்டுமே! குடில் வாசலில், சாரல் புகாத பெட்டிக்குள் சப் பேனல். விசிறிக்கு ஒரு எம்.சி.பி., பனித்தூவல் பம்புக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் காவலாக 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வரவில்லை, வழியில் எங்கோ கசிகிறது என்று தெரிந்ததுமே அது லைனைத் துண்டித்துவிடும்.

நல்ல வயர்மேன் இன்னொன்றையும் விடமாட்டார். சப் பேனலில் நியூட்ரலுக்கு ஒரு பட்டை, எர்த்துக்கு வேறொரு பட்டை. வேலை சுருக்கமாக முடியட்டும் என்று இரண்டையும் சேர்த்து முறுக்கினால், நியூட்ரல் அறுந்த அன்றைக்குக் குடிலைத் தாங்கும் ஜி.ஐ. பைப் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். அதனால் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த். கோடையில் அந்தக் குழிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டும். கடைசியில் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். வெள்ளரிக்குச் சட்டப்படி எல்லாம் கிடைத்துவிட்டது.

இப்போது குடிலை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வாருங்கள். அட்டை கடிக்கும், பரவாயில்லை. அதோ தேயிலைத் தொழிலாளர்களின் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். சுவரில் மரப்பட்டை, பட்டை மேல் தாத்தா காலத்து வயர். வயரின் தோல் வெடித்த இடத்தில் டேப், டேப் பிரிந்த இடத்தில் சைக்கிள் டியூப். பியூஸ் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். பியூஸ் கம்பி வாங்கக் கடைக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க முடியாத எவரோ, செம்பு இழைகளை முறுக்கிச் செருகியிருப்பார். இனி அந்த பியூஸ் போகாது. போவதானால் வீடுதான் போகும். எர்த் எங்கே என்று கேட்காதீர்கள். ஜூன் முதல் மழை பிடித்துவிட்டால் சுவர் முழுக்க எர்த்துதான். "ஈரக்கையோட சுவிச்சத் தொடாதடி" என்று பேத்தியைப் பார்த்துக் கத்துகிற பாட்டிதான் அந்த வீட்டின் ஆர்.சி.சி.பி. பாட்டி கொழுந்தெடுக்கப் போயிருக்கும் நேரத்தில் பாதுகாப்பு கிடையாது.

இந்த வயருக்குத்தான் நூற்றுக்கு நூறு மார்க் கிடைத்தது. 2017 மே 29 அன்று கோழிக்கோட்டில் மேடை போட்டு, கேரளம் முழுமையாக மின்வசதி பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். கம்பி போயிருந்தால் கணக்குக்குப் போதும். கம்பியில் தோல் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வராது.

கரண்ட் எங்கே பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பீர்மேடு தாலுகாவில் பெய்கிற மழை இரண்டு பக்கமும் சம்பாதித்துக் கொடுக்கிறது. கிழக்கே முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியே தமிழ்நாட்டுக்கு இறங்கி, லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றுகிறது. 1886-ல் 999 வருஷக் குத்தகை எழுதினார்கள், 1970-ல் மின்சாரத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். அணையிலிருந்து மேற்கே விடுகிற தண்ணீரோ வண்டிப்பெரியாறு, உப்புத்தறை வழியாக, லயங்களின் காலடியை நனைத்துக்கொண்டே இடுக்கி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மூலமட்டத்தில் மலைக்குள் குடைந்த நிலையத்தில் அது 780 மெகாவாட்டில் பங்காகிறது. அணையின் நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று இரண்டு மாநிலமும் உச்ச நீதிமன்றம் வரை போய் அடி அடியாக அளந்தன. அளக்கட்டும். தண்ணீர் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு டார்ச் லைட்டாவது வந்ததா?

சட்டம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புக் கொடு என்கிறது. குடியிருப்பவர் என்று அச்சில் இருக்கிறது. கவுண்டரில் அந்தச் சொல்லுக்கு மட்டும் கண் தெரியாது. "அக்கா, கம்பெனி சம்மதக் கடிதம் கொண்டு வாங்க." எந்தக் கம்பெனி? பீர்மேடு டீ கம்பெனி 2000-லேயே கதவைச் சாத்திவிட்டது. கிராஜுவிட்டியும் சம்பள பாக்கியும் கேட்டுக் கேட்டே பலர் செத்தும் போனார்கள். மூடிய தோட்டத்தில் சம்மதம் கொடுக்க, காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக்களத்துக் கல்லுதான் மிச்சம். தோட்டம் மூடினால் கம்பெனி கட்டாத பில்லுக்கு லயத்தில் இருட்டு. தொரை பாக்கி வைத்தால் தொழிலாளி மெழுகுவர்த்தி வாங்க வேண்டும், அவ்வளவுதான் நீதி.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தருவதும் பராமரிப்பதும் முதலாளியின் பொறுப்பு என்றது. அதனால் பஞ்சாயத்து, "அது கம்பெனி சொத்து, நாங்க கை வைக்க முடியாது" என்றது. கம்பெனி, "தேயிலைக்கு விலை இல்லை" என்றது. சட்டம் இருந்ததால்தான் சுவர் விழுந்தது என்று சொல்லும் அளவுக்கு எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இதே மாவட்டத்தில் பெட்டிமுடி லயங்கள் மேல் மலை இறங்கியது. எழுபது பேர். கரண்ட் இல்லை, செல்போன் டவரும் படுத்துக் கிடந்தது. உயிரோடு இருந்தவர்கள் நடந்து போய்ச் சொல்லி, வெளியுலகம் அறிந்தபோது விடிந்துவிட்டது. முழு மின்வசதி பெற்ற மாநிலம் மூன்றாம் வயதில் இருந்தது அப்போது.

ஆகவே கவர்மெண்டுக்குச் சிரமம் கொடுக்காமல் ஒரு யோசனை சொல்கிறேன். லயத்தை வீடு என்று காட்டி மனுப் போடுவதை நிறுத்துவோம். பசுமைக்குடில் என்று காட்டுவோம். பொய்யும் இல்லை: ஓடு உடைந்த கூரை மேல் நீல பாலித்தீன் ஷீட் விரித்தாயிற்று, உள்ளே ஈரப்பதம் எந்த வேளாண் ஆபீசரும் மெச்சுகிற அளவு, பாசியும் காளானும் விதைக்காமலே விளைகின்றன. 2012 வாக்கில் கேரளத்தில் 400 சதுர மீட்டர் பாலிஹவுசுக்குச் செலவில் 75 சதவீதம் வரை மானியம் கொடுத்தார்கள். பல லய வீடுகளைச் சேர்த்தால் அந்தப் பரப்பு வந்துவிடும். பாலிஹவுஸ் என்று பெயர் மாறிவிட்டால் சப் பேனல் வரும், தனி எர்த் வரும், 30 மில்லியாம்பியர் காவல் வரும். பாட்டி ரிட்டையர் ஆகலாம்.

மனுவையும் நிரப்பிவிடலாம். பயிரின் பெயர்: மனிதர், தமிழ் ரகம், நாலாம் அறுவடை. விளைச்சல்: தினமும் கூடை கூடையாகக் கொழுந்து. உரச் செலவு: 2015-ல் மூணாறில் தோட்டப் பெண்கள் போராடி நடுரோட்டில் உட்காரும் வரை நாளுக்கு 232 ரூபாய், உட்கார்ந்த பிறகு 301. நோய்த் தாக்குதல்: நிர்வாகம். அடுத்த கட்டத்தில், நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டிய ரசீது இணைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நாலு தலைமுறை முதுகால் கட்டிய கரத்துக்கு வில்லேஜ் ஆபீசில் ரசீது புத்தகமே அடிக்கவில்லை.